சிமியோன் விட்ட பந்து

சிமியோன் முதலாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பந்தைத் தவறவிட்டான். எல்லாக் கரைச்சலும் அதிலிருந்துதான் தொடங்கியது.

பிடிக்க முடியாத பந்து ஒன்றுமில்லை. மட்டையின் விளிம்பில் பட்டு மேலே எழும்பி, நேரே அவனைத் தேடி வந்த பந்து. ஒரு கையால் கச்சான் கொறித்துக்கொண்டு நிற்கிறவனும் மற்றக் கையால் பிடித்திருப்பான். சிமியோன் விட்டுவிட்டான். அந்தப் பந்தோடு, இரண்டு கல்லூரிகளின் வருடாந்தக் கிரிக்கெட்டான பெரிய மட்ச்சும் போயிற்று. பக்கம் நிறைய வெறும் வெள்ளை. நடுவிலே தலைமயிர் முள்ளுமுள்ளாய் நின்ற ஒரு பெடியன், காலடியில் பந்து. வசனம் ஒன்றும் கிடையாது.

இந்தப் பக்கத்தைத்தான் ஜெனிற்றா, பெம்பேற்றன் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு முன்னால் மிகுந்த பெருமையோடு மேசையில் வைத்தாள். குழு குனிந்து பார்த்தது. மின்விசிறி சுற்றியது. யாரோ ஒருவர், செத்தவீட்டில் விடுவதுபோல ஒரு பெருமூச்சு விட்டார்.

ஜெனிற்றா குருநகர்க்காரி. நல்லூரில் பதாகை, அதாவது பனர் அடிக்கும் ஒரு கடையில் கணினிக்கு முன்னால் இருந்து வேலை செய்பவள். யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை சோதினையில் சித்தியடைந்தால், பக்கத்து வீட்டுக்காரர் அறிவதற்கு முன்பே ஜெனிற்றா அறிந்துவிடுவாள். வாழ்த்துப் பனருக்கான படம் முதலில் வருவது அவளிடம்தான். எத்தனையோ பிள்ளைகளின் முகப்பருவை அவள் அழித்துக் கொடுத்திருக்கிறாள். அவளுடைய சொந்த முகம் மட்டும் எந்தப் பனரிலும் ஏறியதில்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்து, எழுதக்கூடிய மூன்று முறையும் எழுதி, மூன்று முறையும் விழுந்தவள். மூன்றாவது முறை விழுந்த கிழமை, மற்றவர்களின் பனர்களுக்கு நடுவில் இருந்து, வீசவேண்டிய ஒரு தாளில் அவள் படமாகக் கீறியவன்தான் சிமியோன். கைத்தொலைபேசியில் மங்கா என்னும் யப்பானியச் சித்திரக்கதைகள் வாசித்து வளர்ந்த பிள்ளை என்பதால் அவனுக்கு அப்படித் தலைமயிர். அவனை அவளுக்கு நல்ல விருப்பம். அதற்குக் காரணம், அவன் பந்தை விட்டதுதான்.

பெம்பேற்றன் கல்லூரி எப்படி மங்காவுக்கு வந்தது என்று கேட்பீர்கள். புத்தூர்ப் பக்கத்தில் அமெரிக்கப் பாதிரிமார் கட்டிய கல்லூரி அது. அங்கே புதிதாக எதுவும் நடப்பதென்றால் அது வெளிநாட்டுக் கிளையிலிருந்துதான் வரும். ரொறன்ரோக் கிளைச் செயலாளர் பிறேமின் மகன் மங்காவைத் தவிர உலகத்தில் எதையும் வாசிப்பதில்லை என்பது ஒரு சூம் கூட்டத்தில் தெரியவந்தது. சங்கம் இதை ஒரு வீட்டின் பிரச்சினையாகப் பார்க்கவில்லை, எதிர்காலச் சந்ததியின் பிரச்சினையாகப் பார்த்தது. ஆகவே கல்லூரியின் நூற்றெழுபத்தைந்தாவது ஆண்டு விழாவுக்கு, வழக்கமான சிறப்பு மலருக்குப் பதிலாக ஒரு மங்கா வெளியிடுவதென்றும், கீறும் வேலையைச் சங்கத்துக்குப் பனர் அடித்துக் கொடுக்கும் ஜெனிற்றாவிடம் விடுவதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. மங்கா என்றால் என்னவென்று அடுத்த கூட்டத்தில் விசாரிப்பதென்றும் தீர்மானிக்கப்பட்டது.

"படம் வடிவாக் கிடக்கு, பிள்ளை," என்றார் சங்கத் தலைவர் இராசசிங்கம். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். ஒரு காலத்தில் கல்லூரி அணியில் விளையாடியவர். "ஆனா உந்தப் பந்தை இவன் பிடிக்கேலாதோ?"

"பிடிச்சாக் கதை முடிஞ்சிடும் சேர்."

"முடிஞ்சா நல்லதுதானே. எல்லாருக்கும் நேரம் மிச்சம்."

செயலாளர் சீலா மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். கல்லூரியின் உப அதிபராக இருந்து இளைப்பாறியவர் அவர். "பெம்பேற்றன் பிள்ளை பந்தை விட்டதாக் கல்லூரி வரலாற்றிலை ஒரு இடத்திலையும் இல்லை," என்றார். "வரலாறு எழுதினது நான்தான். எனக்குத் தெரியும்."

ஜெனிற்றா விளங்கப்படுத்தப் பார்த்தாள். "மிஸ், மங்காவிலை சனம் வெல்லுறவனைப் பாக்க வாறேல்லை. விழுந்தவன் எழும்புறானோ எண்டு பாக்கத்தான் வருகினம். இவன் இதிலை விட்டாத்தான் அடுத்த பக்கத்தைப் பிரட்டுவினம். ஒருக்காலும் விழாதவனிலை ஆருக்கு மிஸ் விருப்பம் வரும்?"

"ஏன், எங்களிலை எல்லாருக்கும் விருப்பம்தானே," என்றார் சீலா மிஸ். "நாங்கள் என்ன விழுந்தே காட்டினனாங்கள்?"

இராசசிங்கம் தொண்டையைச் செருமினார். அவர் தொண்டையைச் செருமினால் ஒரு பேச்சு வருகிறது என்று அர்த்தம். குழு கதிரையில் சாய்ந்து கொண்டது. "தோல்வி எண்டது ஒரு தனிப்பட்ட விசயம், பிள்ளை. தேவையெண்டால் வீட்டிலை வைச்சுத் தோக்கலாம், ஆரும் வேண்டாமெண்டு சொல்லேல்லை. கல்லூரியின்ரை பேர் போட்டுத் தோக்கேலாது. என்னையே எடுங்கோ. என்ரை வங்கிச் சேவையிலை ஒரு பிழையும் நடக்கேல்லை. நடந்ததெல்லாத்துக்கும் விளக்கம் இருந்தது." குழு மேசையில் தட்டியது.

அந்த இடத்திலேயே ஜெனிற்றா படங்களைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் அவளுடைய தாய் சின்னத்தங்கம், மகளின் பெயர் போட்டுப் புத்தகம் வரப்போகிறதென்று பூசை முடிந்து வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தார். பங்குச் சுவாமி வாழ்த்தியும் ஆயிற்று. அதைவிட, அச்சடித்த புத்தகத்துக்குள் சிமியோன் நிற்பதைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. மற்றதையெல்லாம் எடுத்தால் எடுக்கட்டும், அந்த ஒரு பக்கம் மட்டும் தப்பினால் போதும் என்று நினைத்தாள். சங்கங்களோடு பழகியிராத பிள்ளை, அப்படித்தான் நினைக்கும்.

அடுத்தது சூம் கூட்டம். எல்லாக் கிளைகளும் வந்தன. லண்டன் கிளை, கதாநாயகனின் தகப்பன் மீன்பிடிக்கிறவராக இருப்பதில் தங்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஆட்சேபம் இல்லையென்றும், ஆனாலும் கடல்வளப் பொறியியலாளராக இருந்தால் படத்தில் கடல் அப்படியே இருக்கும்தானே என்றும் சொன்னது. மெல்பேண் கிளை, சிமியோனின் நெற்றியில் வியர்வைத் துளி இருப்பதைக் கண்டுபிடித்தது. ஏன் வியர்க்கிறான், ஆயத்தமில்லாமல் வந்தவனா? துளி அழிக்கப்பட்டது. தொடர்ந்து கண்ணீர், கிழிந்த சேர்ட், முழங்கால் காயம் ஆகியனவும் அழிக்கப்பட்டன. முகப்பருவை அழித்துப் பழகிய கை என்பதால் வேலை சுறுக்காக நடந்தது.

"தலைமயிரையும் கொஞ்சம் படிய வாரிவிட்டால் நல்லது," என்றார் சீலா மிஸ். "உந்தத் தலையோடை எங்கடை படலைக்குள்ளை வரேலாது."

பிறகு அந்தப் பந்துக்கு வந்தார்கள். சிமியோன் அதைப் பிடிக்கவேண்டும் என்பதில் கிளைகள் ஒன்றுபட்டன. அப்படியானால் எதிரணி தோற்றுவிடும். எதிரணியோ கரவெட்டிப் பக்கத்துக் கல்லூரி, அங்குள்ள பழைய மாணவர் சங்கத் தலைவரோ இராசசிங்கத்தின் சம்பந்தி. சம்பந்தியைத் தோற்கடித்துவிட்டு அடுத்த கொண்டாட்டத்துக்கு எந்த முகத்தோடு போவது? பந்து பிழையாக வீசப்பட்டதென்று நடுவர் அறிவிக்கலாம் என்றார் பிறேம், ரொறன்ரோவிலிருந்து. பிழையாக வீசியவன் யார், அவனும் பெம்பேற்றன் பிள்ளைதானே என்று லண்டன் கொதித்தது. கூட்டம் நீண்டது. பிறேமுக்கு அங்கே பொழுது விடியத் தொடங்கியபோது முடிவு எட்டப்பட்டது: பந்து அந்தரத்தில் இருக்கும்போதே மழை பெய்யும், நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்துவார்கள், சிமியோன் பந்தை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு மழைக்கு ஒதுங்குவான். இரண்டு கல்லூரிக்கும் கிண்ணம்.

"மங்கா வலமிருந்து இடமாத்தான் வாசிக்கிறது," என்று ஜெனிற்றா கடைசியில் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதலில் விபரீதத்தை உணர்ந்தவர் சீலா மிஸ்தான். அப்படியானால் தலைவரின் வாழ்த்துரை கடைசியிலும் நன்றியுரை தொடக்கத்திலும் அல்லவா வரும்? ஆசியுரைகள், வாழ்த்துரைகள், கிளைத் தலைவர்களின் கோட் போட்ட படங்கள், எல்லாம் தலைகீழ். இதற்கென ஒரு விசேட கூட்டம் கூட்டி, வாழ்த்துரைகளைப் புத்தகத்தின் இரண்டு முனையிலும் போடுவதென்று முடிவு செய்தார்கள். எந்தப் பக்கத்தால் திறந்தாலும் இராசசிங்கம் சிரித்துக்கொண்டு நிற்பார். சிமியோனின் கதை நடுவில், இரண்டு பக்கமும் பெரியவர்கள் நெருக்க, பஸ்ஸில் நடு இருக்கையில் அகப்பட்ட பிள்ளைபோல ஒடுங்கிக் கிடந்தது.

புத்தகம் வந்தது. அட்டையில் ஜெனிற்றாவின் பெயர் இருந்தது. அவள் நடுப்பக்கத்தைப் பிரித்து, தலை படிய வாரி, கழுத்துப்பட்டி கட்டி, வியர்க்காமல் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெடியனைப் பார்த்தாள். யாரென்று தெரியவில்லை. வீட்டிலே சின்னத்தங்கம் அட்டையை முத்தமிட்டார். ஜெனிற்றாவுக்கு அழுகை வந்தது. தாய் அதைச் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டார்.

வெளியீட்டு விழா கல்லூரி மண்டபத்தில் நடந்தது. மங்கல விளக்கேற்றல், கல்லூரிக் கீதம், செபம், வரவேற்புரை, தலைமையுரை, மாலை, பொன்னாடை. மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி. நல்ல வெக்கை. தடித்த தாள் என்பதால் விசிறுவதற்குத் தோதாக இருந்தது, மண்டபம் முழுவதும் சிமியோன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடினான். இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் ஒரு புத்தகத்தைப் பயன்படுத்தியதை அந்த மண்டபம் கண்டதில்லை என்று சீலா மிஸ் பிறகு அறிக்கையில் எழுதினார்.

வாசகர் கருத்துச் சொல்வதற்குத் தரம் பத்து மாணவி ஜெயகௌரி மேடைக்கு வந்தாள். சீலா மிஸ் எழுதிக் கொடுத்ததை ஒரு பிழையும் விடாமல் வாசித்தாள். வாசித்து முடித்தவள் போகவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றாள்.

"சேர், ஒண்டு கேக்கலாமோ? இவன் ஏன் சேர் ஒரு பந்தும் விடேல்லை? எனக்கு இவனைப் பாக்கப் பனரிலை இருக்கிற அண்ணாமாரைப் பாக்கிற மாதிரிக் கிடக்கு. இவன் வெண்டால் என்ன, விட்டால் என்ன எண்டு இருக்கு."

விசிறல் நின்றது. சீலா மிஸ் கதிரையிலிருந்து பாதி எழுந்தார். இராசசிங்கம் கையால் அமர்த்திவிட்டுத் தானே ஒலிவாங்கிக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

"பிள்ளையள், பெம்பேற்றன் வரலாற்றிலை விடாமுயற்சி, கட்டுப்பாடு, கடமை எண்டு..." என்று நன்றாகத்தான் தொடங்கினார். ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி அவருக்கு எங்கேயோ சுட்டிருந்தது. "விட்டால் என்ன எண்டு லேசாக் கேக்கிறாய். விட்டவனுக்கெல்லோ தெரியும்! எழுபத்திநாலிலை நான் அந்தப் பந்தை விட்டாப் பிறகு..." என்றவர், நின்றார்.

மண்டபம் நிமிர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எந்தப் பந்து சேர்?"

இராசசிங்கம் அதிபரைப் பார்த்தார். சீலா மிஸ்ஸைப் பார்த்தார். அந்தப் பந்தை அறிந்தவர்கள் ஒன்றில் மோட்சம் போயிருந்தார்கள் அல்லது கனடா போயிருந்தார்கள். காப்பாற்ற ஒருவரும் இல்லை. இந்த முறை அவர் தொண்டையைச் செருமவில்லை.

"லேசான பந்து," என்றார். "நேரை எனக்குத்தான் வந்தது. பிடிச்சிருந்தா வெண்டிருப்பம். பந்து போயிட்டுது. ஆனா கை ரெண்டும் அப்பிடியே மேலை நிண்டது. பந்து போனது கைக்குத் தெரியேல்லை. சனம் முழுக்கக் கத்தி முடிஞ்ச பிறகும் கை நிக்குது. ஜோன் மாஸ்டர் வந்து பிடிச்சுக் கீழை விட்டவர்."

இராசசிங்கம் கை இரண்டையும் மேலே தூக்கிக் காட்டினார்.

"பின்னேரம் றோட்டாலை போக வெக்கமாக் கிடந்துது. புகையிலைத் தோட்டத்துக்குள்ளாலை சைக்கிளை உருட்டிக்கொண்டு போறன். அங்கை ஒரு மனுசன் வாய்க்காலிலை தண்ணி மாறிக்கொண்டு நிக்குது. மட்ச் நடந்த பக்கமே வராத மனுசன். நிமிந்து என்னைப் பாத்திட்டு, 'தம்பி, என்னெண்டு விட்டனீ?' எண்டுது. அந்தாளுக்கு எப்பிடித் தெரியும் எண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. இராசசிங்கம் முதலில் திகைத்தார். பிறகு, சங்கத்தில் எவரும் கண்டிராத விதமாக, அவரும் சிரித்தார்.

"பிறகு சேர்?" என்றாள் ஜெயகௌரி. "பிறகு என்ன செய்தனீங்கள்?"

"பிறகென்ன, பிள்ளை. அடுத்த நாளும் பள்ளிக்கூடம் வந்தனான்."

பொன்னாடைக்குக் கிடைக்காத கைதட்டல் இதற்குக் கிடைத்தது. பிள்ளைகள் எழுந்து நின்று தட்டினார்கள். மண்டபத்தின் ஓரத்தில் நின்ற ஜெனிற்றா சிமியோனைக் கண்டுவிட்டாள். அவனுக்கு அறுபத்தெட்டு வயது, தலை வழுக்கை. இனிப் பயமில்லை, அந்தப் பக்கம் தப்பிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. விழா முடிந்ததும் ஜெயகௌரி அவளைத் தேடி வந்து, "அக்கா, இவன் முதல் இப்பிடி இருந்திருக்கமாட்டான், என்ன?" என்று கேட்டபோது, தன் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தாள்.

அடுத்த கூட்டம் மிக உற்சாகமாக நடந்தது. விழாவின் காணொளியை உலகமெங்கும் கிளைகள் பார்த்திருந்தன. தோல்வி நல்லதென்பதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டு, இரண்டாம் பதிப்பில் தோல்விகளைச் சேர்ப்பதற்கு ஒரு தோல்வி உபகுழுவும் நியமித்தார்கள். சங்கம் ஒன்றை ஒத்துக்கொண்டால் அரைகுறையாக ஒத்துக்கொள்வதில்லை.

"கூடுதலாத் தோத்த ஆக்கள் எங்கடை கிளையிலைதான்," என்றார் பிறேம். "நானே கார் லைசன்ஸ் சோதினையிலை எத்தினை தரம் விழுந்தனான் தெரியுமோ? அதுவும் பனிக்குள்ளை."

லண்டன் கிளை சிரித்தது. தங்களிடம் வியாபாரத்தில் விழுந்தவர், தேர்தலில் விழுந்தவர், ஒரே வருடத்தில் இரண்டிலும் விழுந்தவர் எல்லாம் இருப்பதாகவும், பனிக்குள் சறுக்குவதை ஒரு தோல்வி என்று கணக்கெடுப்பது பெம்பேற்றன் தரத்துக்கு ஏற்றதல்ல என்றும் சொன்னது. மெல்பேண் கிளைத் தலைவர், தன்னுடைய மாமனாரின் நினைவாகச் சிறந்த தோல்விக்கு ஒரு கேடயம் வழங்க முன்வந்தது. சிமியோனுக்கு வியர்வை, கண்ணீர், முழங்கால் காயம் ஆகியன கிளைவாரியாகத் திருப்பி வழங்கப்பட்டன. அவன் புத்தூர்ச் சந்தியில் பனிக்குள் கார் ஓட்டி விழவேண்டும் என்றும் முடிவாயிற்று.

"எல்லாத் தோல்வியையும் எடுக்கேலாது," என்று சீலா மிஸ் எச்சரித்தார். "தரக்கட்டுப்பாடு வேணும். தோத்தவர் பிறகு ஆகக் குறைஞ்சது ஒரு நல்ல பதவியிலையாவது இருந்திருக்கவேணும். தலைவர் பந்தை விட்டார், பிறகு முகாமையாளர் ஆனார். அதுதான் தோல்வி."

ஜெனிற்றா கையை உயர்த்தினாள். ஏன் உயர்த்தினாள் என்று அவளுக்கே தெரியாது. "மிஸ், என்ரையும் ஒண்டு கிடக்கு. உயிரியல். மூண்டு தரமும் பெயில். சிமியோன் அதிலையிருந்துதான் வந்தவன்."

"அப்பிடியே, நல்லது," என்றார் சீலா மிஸ் அக்கறையாக. "பிறகு?"

"பிறகு பனர் அடிக்கிறன்."

சூம் திரையில் எல்லா முகங்களும் ஒரு கணம் உறைந்தன. இணையத் தடங்கல் இல்லை. சீலா மிஸ் கெட்ட மனுசி இல்லை, இரக்கத்தோடுதான் சொன்னார்:

"உது இன்னும் முடியேல்லையே, பிள்ளை. முடிஞ்ச தோல்வியைத்தான் நாங்கள் எடுக்கிறது."

இராசசிங்கம் மேசைமேல் கிடந்த தன்னுடைய இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனிற்றாவுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வந்தது சிரிப்பு. இன்னும் முடியவில்லையாம்! மங்கா முழுவதையும் இதைவிடச் சுருக்கமாக ஒருவராலும் சொல்ல முடியாது. அதைச் சொன்னவருக்குத்தான் அது விளங்கவில்லை. அவள் தன் படங்களைச் சுருட்டினாள்.

"அப்ப நான் வாறன் சேர். சிமியோனை நான் கொண்டுபோறன்."

"எங்கை கொண்டுபோறது? புத்தகத்திலை இருக்கிறானே!" என்றார் பிறேம்.

"அவனை நீங்கள் வைச்சிருங்கோ அண்ணை. அவன் வேறை ஆள்."

சங்கம் தன் வழியில் போயிற்று. இரண்டு கிழமையில் நல்லூர்க் கடைக்கு ஒரு பனர் ஓடர் வந்தது. ஜெனிற்றாவே அடித்துக் கொடுத்தாள்: 'எழுபத்திநாலாம் ஆண்டுப் பெரிய மட்ச்சில் பந்தைத் தவறவிட்டு, பின்னர் வங்கி முகாமையாளராகப் பதவியுயர்வு பெற்ற எமது தலைவரை வாழ்த்துகிறோம்.' படத்தில் இராசசிங்கத்தின் கன்னத்திலிருந்த மருவை மட்டும் அவள் அழிக்கவில்லை.

வீட்டில் சிமியோனை முதலிலிருந்து கீறினாள். தலைமயிர் மறுபடி எழும்பியது, தகப்பன் மறுபடி கடலுக்குப் போனார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் பழைய படத்தில் ஒரு பிழை இருப்பது தெரிந்தது. அதில் சிமியோனின் கைகள் தொங்கிப்போயிருந்தன. அவள் அவற்றை அழித்தாள். பந்து காலடியில் கிடக்க, இரண்டு கையும் இன்னும் மேலே, பந்து வருமென்று நம்பிக்கொண்டு நிற்பதாகக் கீறினாள். கீறிவிட்டு ஜெயகௌரிக்கு அனுப்பினாள். அவள் யாருக்கெல்லாம் அனுப்பினாளோ, அது அந்தப் பிள்ளைக்கே தெரியாது.

சில நாள் கழித்து, காலையில் ஜெனிற்றா பருத்தித்துறை பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முன் இருக்கையில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். எந்தப் பள்ளிக்கூடமோ, பெம்பேற்றன் சீருடை இல்லை. இருவரும் ஒரு கைத்தொலைபேசிக்குள் தலையைக் கொடுத்திருந்தார்கள். ஒருத்தி விரலால் பக்கத்தைத் தள்ளினாள்.

"ஐயோ," என்றாள் மற்றவள், நெஞ்சில் கையை வைத்து. "விட்டிட்டானடி!"

"பொறடி, மற்றப் பக்கம் பாப்பம்."

மற்றப் பக்கம் இன்னும் கீறப்படவில்லை. பிள்ளைகள் மேலும் கீழும் தள்ளித் தேடினார்கள். நல்லூர் முத்திரைச்சந்தியில் கொண்டக்டர் இரண்டு தரம் கத்தினார். ஜெனிற்றா எழும்பவில்லை. அவள் இறங்கவேண்டிய இடம் போய், இருபாலையும் வந்துவிட்டது.